சொப்ஸ் ஒன்றுக்குச் சுற்று ஒன்று

"ஆடு மாடு தின்னிறதை எனக்குப் போடாதையும். ஆட்டையும் மாட்டையும் எனக்குப் போடும்!"

என் கணவர் பிலேந்திரன் இதை முதல் தடவை சொன்னபோது மகள் ரஞ்சினி சிரித்துவிட்டாள். அதுதான் பிழை. தன் வாயிலிருந்து ஒரு நல்ல வசனம் விழுந்துவிட்டது என்று தெரிந்தால் இந்த மனிதர் அதைச் சும்மா விடமாட்டார். கழுவிக் காயவைத்து அடுத்த நாளும் உடுத்துவார். இரவுச் சாப்பாட்டுக்கு ஒருதரம், சனிக்கிழமை மத்தியானம் ஒருதரம், ஞாயிறு பூசை முடிந்து வந்து சேட்டைக் கழற்றமுன் ஒருதரம். சாப்பாட்டுக் கோப்பையில் கிடக்கிற பயற்றங்கறியைக் கரண்டியால் குத்திக் குத்திச் சொல்வார், ஏதோ நான் அதற்குள் நஞ்சை ஒளித்து வைத்திருப்பதுபோல.

"பயறு ஆடு மாடு தின்னிற சாமானில்லை" என்றேன்.

"அப்ப குதிரை தின்னும்."

"குதிரை தின்னிறது கொள்ளு."

"பாத்தீரே! கொள்ளும் வாங்கி வைச்சிருக்கிறீர்!"

"டாட், யூ ஆர் இம்பொசிபிள்" என்று ரஞ்சினி எழும்பிப் போனாள். அவள் போகலாம். அவளுக்குப் பதினேழு வயது. நான் எங்கே போவது?

என்னைக் கோபக்காரி என்று சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் கொன்வென்டில் படித்த காலத்திலேயே சிஸ்டர்மார் அம்மாவைக் கூப்பிட்டு, "கெட்டிக்காரி, ஆனால் பொறுமை போதாது" என்று சொல்லி அனுப்பினார்கள். போதாதுதான். ஏன் போதவில்லை என்பதை இதைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நாங்கள் குடியேறியிருக்கிற இந்த நாட்டில் தை மாதம்தான் கோடை. போன தை மாத வெயிலில், வேலையால் திரும்பி வந்தவர் எங்கள் வென்ட்வேர்த்வில் ஸ்ரேஷன் மேம்பாலப் படிகளின் நடுவில் குந்திவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை, முகம் சாம்பல். ஆரோ ஒரு கிழவி தண்ணீர் கொடுத்திருக்கிறாள். ஒரு மணித்தியாலம் பிந்தி, சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்ன சொல் ஒன்றே ஒன்று.

"வாய்வு."

எங்கள் ஆண்களுக்குக் கடவுள் நெஞ்சு என்று ஒன்றை வைக்கவே இல்லை. கழுத்துக்குக் கீழே முழுக்க வயிறு. எங்கே நொந்தாலும் வாய்வு. இவருடைய தகப்பனுக்கும் வாய்வுதான். இஞ்சித்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை. இவருடைய தமையனுக்கும் வாய்வுதான்; சோடா வாங்கப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு பேருக்கும் அப்போது வயது ஐம்பத்திரண்டு. இவருக்கு வருகிற மார்கழியில் ஐம்பத்திரண்டு. இந்தக் கணக்கு இவர் பிறந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நான் கோபக்காரி.

பரமற்றாவில் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இரத்தத்தைச் சோதித்துவிட்டு அவர் சொன்னார்: கொலஸ்ரரோல் ஏறிக் கிடக்கிறது, பிரஷரும் கூட. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, சொசேஜ், பேக்கன், உப்பிட்ட மாட்டிறைச்சி எல்லாவற்றையும் விடவேண்டும். அந்தக் கொழுப்பு இரத்தக் குழாய்க்குள் படிந்து நெஞ்சை அடைக்கும். உடம்புக்கு வேண்டிய புரதம் மீனில் இருக்கிறது, தோல் உரித்த கோழியில் இருக்கிறது, பருப்பிலும் அவரையிலும் இருக்கிறது. பிறகு நடை. ஒவ்வொரு நாளும் நடை.

இவ்வளவையும் டொக்டர் என் கணவரைப் பார்த்துத்தான் சொன்னார். சமைக்கிறவள் பக்கத்துக் கதிரையில் இருக்கிறாள், அவள் பக்கம் ஒரு பார்வைகூட இல்லை. என் கணவரோ அழகாகத் தலையாட்டினார். "யெஸ் டொக்டர், ஒஃப் கோர்ஸ் டொக்டர்." வெளியே வந்து கதவு மூடிய கையோடு கேட்டார்:

"ஈரல் இறைச்சிக்குள்ள வராதெல்லே? அது உள்ளுறுப்பு."

நான் அந்த இடத்திலேயே குடையால் அடித்திருப்பேன். குடை கொண்டுபோகவில்லை.

இதையும் சொல்லவேண்டும். ஊரில் இவர் வளர்ந்த வீட்டில் நத்தார், பாஸ்கு என்று இயேசு பிறந்த, உயிர்த்த திருநாட்களுக்கு மட்டும்தான் ஆட்டிறைச்சி. அயலெல்லாம் சேர்ந்து ஒரு ஆடு அடித்து, அதில் ஒரு பங்கு வாங்கி, அந்தப் பங்கை ஒன்பது பேர் சாப்பிடவேண்டும். இவருக்கு வந்தது எலும்பும் குழம்பும். இங்கே வந்தால் காலமை எலும்போடு பொரித்த சொப்ஸ், மத்தியானம் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பை, இரவுக்கு றோஸ்ற். பருப்பைவிட இறைச்சியைத் தேடி வாங்குவது சுலபம். நாற்பத்தேழு வருடம் சாப்பிடாததை நாலு வருடத்தில் சாப்பிட்டு முடித்தார். முடித்தது இறைச்சியை அல்ல, தன்னை.

சரி என்று நான் வரிந்துகட்டினேன். பரமற்றாவில் லெபனான்காரர் கடையில் மைசூர்ப் பருப்பும் கடலையும். சிற்றியில் சீனக் கடையில் பயறு. மீனுக்குப் பிர்மொண்ட் சந்தை, ரெயில் ஏறி, பஸ் ஏறி, நாற்றத்தோடு திரும்பி வரவேண்டும். எங்கள் சூடை மீனை இந்த நாட்டில் தூண்டிலுக்கு இரையாக விற்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? மீன்காரன் கேட்டான்:

"எங்கே தூண்டில் போடப் போகிறாய், லவ்?"

"என் சாப்பாட்டு மேசையில்."

மீன்தலை கேட்டேன். சும்மா அள்ளித் தந்தான்.

"பூனைக்கா?"

"ஓம்."

"இவ்வளவுமா? பெரிய பூனையோ?"

"எண்பத்தாறு கிலோ. பெல்ற் கட்டும். அரசாங்க உத்தியோகம்."

இப்படி அலைந்து திரிந்து சமைத்து வைத்தால்தான் அந்த வசனம் வரும். ஆட்டையும் மாட்டையும் எனக்குப் போடும்.

இனிப் பெரில். பக்கத்து வீட்டுக்காரி. அவளும் புருஷன் றொனும் அறுபதை எட்டியவர்கள். அவர்களிடம் டியூக் என்று ஒரு கிழட்டு நாய், பாதி லாப்ரடோர், பாதி சாக்கு மூட்டை. பெரில் நல்லவள். நாங்கள் வந்து இறங்கிய அன்றே கேக்கோடு வந்தவள். ஆகவே சனிக்கிழமைகளில் வடை சுட்டாலோ மீன் கட்லற் போட்டாலோ, ஒரு கண்ணாடிச் சட்டியில் வைத்து அவளுக்கு அனுப்புவேன். அன்று பின்னேரமே சட்டி திரும்பி வரும். கழுவித் துடைத்து, முகம் பார்க்கலாம் போல. வெறுமையாக.

"வெறும் சட்டி!" என்று நான் குசினியில் நின்று கத்தினேன். "ஊரிலை ஒரு வாழைப்பழம், இல்லாட்டி ரெண்டு பச்சைமிளகாய், அதுவும் இல்லாட்டி ஒரு கறிவேப்பிலை இணுக்காவது போட்டுத்தானே திருப்பிக் குடுப்பம். வெறும் பாத்திரத்தை ஆரும் அனுப்புவினமே?"

"அவைக்கு எங்கட வழக்கம் தெரியாதப்பா" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து என் கணவர் சமாதானம் சொன்னார். மிகவும் மென்மையாகச் சொன்னார். அந்த மென்மையில் எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. கோபத்தில் இருந்தேன்.

அடுத்த கிழமை சட்டி திரும்பி வந்தது, மேலே ஈயத்தாள் மூடி. திறந்தால் நாலு சொப்ஸ். எலும்போடு வெட்டின ஆட்டிறைச்சி, ஓரமெல்லாம் விரல் தடிப்புக்குக் கொழுப்பு, பொன்னிறமாகப் பொரிந்து, கிரேவியில் மிதந்துகொண்டு.

நான் குப்பை வாளியைத் திறந்தேன்.

"எறியும்" என்றார் என் கணவர். குரலில் அவ்வளவு துக்கம். "எறியும். அயலட்டைச் சனம் அன்பாத் தந்ததை எறியும். பசி கிடக்கிற பிள்ளையளை நினைச்சுக்கொண்டு எறியும். சாப்பாட்டை எறியிறதைப்பற்றி உம்மட சிஸ்டர்மார் என்ன படிப்பிச்சவை?"

கீழே விழுந்த ஒவ்வொரு சோற்றையும் செத்த பிறகு உத்தரிக்கிற ஸ்தலத்தில் கண்ணிமையால் பொறுக்கவேண்டும் என்று படிப்பித்தார்கள். அது அவருக்குத் தெரியும். வாளி மூடி என் கையில். நான் எறியவில்லை.

"ரஞ்சினி சாப்பிடட்டும்" என்றேன்.

"ஐ ஹேட் ஃபற்" என்றாள் ரஞ்சினி.

"அப்ப என்ன செய்யிறது?" என்று பெருமூச்சு விட்டார். "நான்தான் சாப்பிடவேணும்போல கிடக்கு." கசாயம் குடிக்கிற முகத்தோடு நாலையும் சாப்பிட்டார். எலும்பைச் சூப்பும்போதுகூடத் தியாகி மாதிரியே இருந்தார்.

அதற்கடுத்த கிழமை சொசேஜ். பிறகு மறுபடி சொப்ஸ். பிறகு ஒரு கட்டி உப்பிட்ட மாட்டிறைச்சி. நான் சட்டி அனுப்புவதை நிறுத்தினேன். அப்போது இவர் தானே எழும்பினார். தான் சாப்பிட்ட கோப்பையை மேசையிலிருந்து எடுத்துப் பழக்கமில்லாத மனிதர், பருப்புக்கறியைத் தானே அள்ளிச் சட்டியில் போட்டு, துணியால் மூடி, தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

"அயலோடை உறவா இருக்கவேணும் ஜெசிந்தா. நாங்கள் வந்த சனம்."

நல்ல மனிதர் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த ஒரு கணத்துக்காக இன்றும் என்மேல் எனக்குக் கோபம்.

ஆடி மாதம். ஊரில் கொளுத்துகிற மாதம், இங்கே புல்லில் உறைபனி. பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். வேலிக்கு மேலால் றொன் எட்டிப் பார்த்தான். முதலில் ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை. போன வருடம் பீப்பாய் மாதிரி இருந்தவன், முகம் வற்றி, கண் தெளிந்து, பத்து வயது குறைந்து நிற்கிறான். அவன் பேசியது இங்கிலீஷ்தான். கோபத்தில் எனக்கு எல்லாம் தமிழாகவே நினைவிருக்கிறது.

"ஜெஸ், உனக்கு நன்றி சொல்லவேண்டும். உன் மஞ்சள் கூழ் என் உயிரைக் காப்பாற்றிவிட்டது."

"என்ன மஞ்சள் கூழ்?"

"அதுதான், அந்தப் பருப்பு. மீன் உருண்டைகளும். என் டொக்டருக்கு நம்பவே முடியவில்லை. கொலஸ்ரரோல் இறங்கிவிட்டது. எங்கள் வீட்டுச் சொப்ஸ் எல்லாம் உங்கள் வழக்கத்துக்குப் போய்விடுகிறதே, நான் உன் சாப்பாட்டைத்தான் நாலைந்து நாளைக்கு வைத்துச் சாப்பிடுகிறேன்."

கையில் இருந்த ஈரச் சேட்டு நிலத்தில் விழுந்தது.

"என்ன வழக்கம்?"

றொன் சங்கடப்பட்டு உள்ளே பார்த்தான். பெரில் வந்தாள். முதலில் சொல்ல மாட்டேன் என்றாள்.

"இதைப்பற்றி உன்னிடம் பேசினால் உனக்கு அவமரியாதை என்று பில் சொன்னானே."

"பரவாயில்லை. அவமரியாதை செய். சொல்லு."

சொன்னாள். என் பிலேந்திரன், அவளுடைய பில், ஒரு நாள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தானாம். தங்கள் சனத்தின் மிகப் பழைய வழக்கம் ஒன்று உண்டு என்றானாம். அயல்வீட்டுச் சட்டியை வெறுமையாகத் திருப்பக் கூடாது. திருப்பினால் அந்த வீட்டு ஆண்மகனுக்கு ஆகாது. அதற்குள் இறைச்சிதான் வைக்கவேண்டும், ஆட்டிறைச்சி உத்தமம். கொழுப்பை வெட்டக் கூடாது.

"கொழுப்பை வெட்டக் கூடாது என்றும் சொன்னாரா?"

"அதுதான் முக்கியம் என்றான். இத்தனை நாள் வெறும் சட்டி அனுப்பினேனே என்று எனக்கு ஒரே வெட்கமாய்ப் போய்விட்டது, ஜெஸ்."

கேட்டீர்களா? நான் மீன் நாற்றத்தோடு பஸ் ஏறி, சீனக் கடையில் வரிசையில் நின்று, அம்மியில்லாத ஊரில் கையால் இடித்துச் செய்த சாப்பாடு பக்கத்து வீட்டுக்காரனின் நெஞ்சைக் காப்பாற்றிவிட்டது. அவன் வீட்டுக் கொழுப்பு, வேலிக்கு மேலால் வந்து, என் வீட்டு நெஞ்சில் படிந்துகொண்டிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய ஆயுள் வழி தவறி அங்கே போய் இறங்கிவிட்டது. அதுவும் நான் புலம்பிய புலம்பலிலிருந்தே களவெடுத்த வழக்கத்தால்!

உள்ளே போய் அந்த மனிதரை உலுக்கிக் கேட்கத்தான் முதலில் நினைத்தேன். கேட்டால் என்ன சொல்வார்? சிரிப்பார். இன்னொரு வசனம் சொல்வார். ரஞ்சினியும் சிரிப்பாள். இரண்டு கிழமை ஒழுங்காக இருந்துவிட்டு வேறு வழி தேடுவார். மார்கழிக்கு எத்தனை மாதம் இருக்கிறது?

விழுந்த சேட்டை எடுத்து உதறினேன். பொய் சொல்வது பாவம் என்று சிஸ்டர்மார் படிப்பித்ததும் நினைவுக்கு வந்தது. ஆனால் பொய் ஏற்கெனவே அங்கே நிற்கிறது, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. நான் அதற்கு ஒரு வால் வைப்பதில் எவ்வளவு பாவம் வந்துவிடப் போகிறது?

"பெரில், அவர் உனக்குப் பாதி வழக்கத்தைத்தான் சொல்லியிருக்கிறார். ஆம்பிளைகள் பாதிதான் சொல்வார்கள்."

"மற்றப் பாதி என்ன?"

"இறைச்சி சாப்பிட்டவர், இறைச்சி தந்த வீட்டு மிருகத்துக்கு ஊழியம் செய்யவேண்டும். ஒரு உயிரைத் தின்ற கடன் இன்னொரு உயிரிடம் தீரவேண்டும். உன் வீட்டில் டியூக்தானே? விடிய ஆறு மணிக்கு அதை நடத்திக்கொண்டு பூங்காவைச் சுற்றவேண்டும். சொப்ஸ் ஒன்றுக்குச் சுற்று ஒன்று. அடுத்த சட்டி வருமட்டும் ஒவ்வொரு நாளும்."

பெரிலின் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு அழகான வழக்கம்! பாவம் பில், இத்தனை நாளும் வெட்கத்தில் எங்களிடம் கேட்காமல் இருந்திருக்கிறானே."

"வெட்கம்தான்" என்றேன். "அவராக வரமாட்டார். நீதான் நாயைக் கொண்டுவந்து எழுப்பவேண்டும்."

வீட்டுக்குள் வந்ததும் டொக்டருக்கு ரெலிபோன் எடுத்தேன். காலமை நடக்கலாமா என்று கேட்டேன். "நடக்கலாமாவா? ஆறு மாதமாக அதைத்தானே சொல்கிறேன்! மெதுவாகத் தொடங்கட்டும்" என்றார். மெதுவுக்குப் பயமில்லை. டியூக் ஒவ்வொரு மரத்துக்கும் நின்று யோசிக்கிற நாய்.

அந்தச் சனிக்கிழமையும் நாலு சொப்ஸ் வந்தது. கோப்பையில் நானே எடுத்து வைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"என்ன, இண்டைக்குச் சண்டை இல்லையே?"

"அன்பாத் தந்தது. சாப்பிடுங்கோ."

விடிய ஆறு மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. வெளியே இருட்டு, புகைபோலப் பனி. பெரில் கம்பளித் தொப்பியோடு நின்றாள், ஒரு கையில் டியூக்கின் வார்.

"குட் மோர்னிங் பில்! நாலு சொப்ஸ், நாலு சுற்று!"

என் கணவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து என்னைப் பார்த்தார்.

"என்னப்பா இது?"

"வழக்கம்."

"என்ன வழக்கம்?"

"உங்கட வழக்கந்தான். மிகப் பழசு. நீங்கள் மறந்துபோன மிச்சப் பாதி."

அவர் முகத்தில் விளங்குதல் வந்த விதத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். முதலில் வாய் திறந்தது. பிறகு பெரிலைப் பார்த்தார். அவள் கோயிலில் நிற்பவள்போல நின்றாள். தான் சொன்னது புளுகு என்று அவளிடம் சொல்லவேண்டும், இல்லையென்றால் வாரைக் கையில் வாங்கவேண்டும். வேறு வழியில்லை. வாய் மூடியது. பைஜாமாவுக்கு மேல் ஒஃபிஸ் ஓவர்கோட்டைப் போட்டு, குரங்குத் தொப்பியை இழுத்துவிட்டு, வாரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

"எஞ்சோய்!" என்றாள் பெரில்.

திரும்பி வந்தபோது மூக்கு நுனி சிவந்து, மூச்சில் புகை. குசினி வாசலில் டியூக்குக்கு மட்டும் ஒரு சூடைத் தலையைப் போட்டேன்.

"நாய்க்கு மீன். எனக்கு?"

"உங்களுக்குச் சொப்ஸ் இருக்கே, சனிக்கிழமை."

அடுத்த சட்டியில் அவர் இரண்டுதான் சாப்பிட்டார். மற்ற இரண்டையும் களவாக டியூக்குக்குக் கொடுத்தார். அதனால் டியூக்குக்கு இவர்மேல் காதல் வந்துவிட்டது. பிறகு வார் இல்லாமலே பின்னால் திரிந்தது. அதற்கடுத்த சட்டியில் ஒன்று. பிறகு அரை.

"அரைச் சொப்ஸுக்கு அரைச் சுற்றுத்தானே?" என்று பெரிலிடம் வாதாடியிருக்கிறார். பெரில் வேலிக்கு மேலால் என்னிடம் விசாரித்தாள்.

"கடவுளுக்குப் பின்னக் கணக்குத் தெரியாது என்று சொல்லு. அரையும் ஒன்றுதான்" என்றேன்.

இரவில் சண்டை பிடித்தார். "நீர் ஒரு கொடுமைக்காரி. அந்தப் பார்க்கிலை எல்லாரும் என்னை 'டியூக்கின்ர அப்பா' எண்டு கூப்பிடுகினம்."

"உங்கட அப்பாவை ஆர் எப்பிடிக் கூப்பிட்டவை எண்டு எனக்குத் தெரியாது. ஐம்பத்திரண்டுக்குப் பிறகு கூப்பிட ஆள் இருக்கேல்லை."

சொன்ன கையோடு கறிச்சட்டியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் பயற்றங்கறியைச் சாப்பிட்டார். அன்று அந்த வசனம் வரவில்லை.

புரட்டாதியில் ஒரு பின்னேரம், மரக்கறி வாங்கிக்கொண்டு ஸ்ரேஷன் பக்கம் நின்றேன். ரெயில் வந்தது. கூட்டத்தோடு இவர் மேம்பாலப் படி ஏறினார். நடுவில் நிற்கவில்லை. கம்பியைப் பிடிக்கவில்லை. மேலே போய், யாருடனோ கதைத்துச் சிரித்துக்கொண்டே இறங்கினார். நான் கத்தரிக்காயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதை இன்றுவரை அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு ஏறும்.

அந்த வெள்ளிக்கிழமை தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பெரில் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் மினுங்கியது. கதிரையில் சாய்ந்து கால் நீட்டினார்.

"ஜெசிந்தா, முடிஞ்சுது. பெரிலிட்டைச் சொல்லிப்போட்டன். இனி நான் இறைச்சி தொடமாட்டன். வாக்கு."

"உண்மையாவோ?"

"சத்தியமா. மீன் தாரும், கடலை தாரும், கோழியைத் தோலுரிச்சுத் தாரும், ஆடு மாடு தின்னிறதையும் தாரும். எல்லாம் சாப்பிடுறன். சட்டிக்குள்ளை இனி அவையின்ர மரத்துப் புளித் தேசிக்காய்தான் வரும்."

கையைத் துடைத்துக்கொண்டு நானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். ஆனால் அவர் முடிக்கவில்லை. விரலை நீட்டினார்.

"இப்பக் கேளும். சொப்ஸ் ஒண்டுக்குச் சுற்று ஒண்டு. சொப்ஸ் இல்லாட்டிச் சுற்றும் இல்லை. உம்மட வழக்கம்தானே? நாளைக்கு நான் எட்டு மணி மட்டும் நித்திரை. உம்மட சிஸ்டர்மார் எல்லாரும் சேந்து வந்தாலும் என்னை எழுப்ப ஏலாது!"

எழுதப் படிக்கத் தெரிந்த மனிதர். டொக்டர் சொன்னதில் பாதியைச் செய்யாமல் விடுவதற்காக மற்றப் பாதியைச் செய்கிறார். எழும்பிப் போய், எங்கள் வளவுக்கும் பெரில் வளவுக்கும் இடையிலிருக்கிற கேற்றின் கொளுக்கியை மட்டும் கழற்றிவிட்டு வந்தேன்.

விடிய ஆறு மணி. பெரில் வரவில்லை. அவள் வாக்கை மதிக்கிறவள், நித்திரை. குசினியில் நான் காலமைச் சாப்பாட்டுக்குச் சூடை பொரித்துக்கொண்டிருந்தேன். தலைகள் தனியே ஒரு தட்டில். ஜன்னல் திறந்திருந்தது.

முதலில் கேற் கிரீச்சிட்டது. பிறகு வாசல் கதவில் சுரண்டல். பிறகு ஒரு குரைப்பு, கோயில் மணிபோல நேரம் தவறாமல். எட்டிப் பார்த்தேன். டியூக் தன்னுடைய வாரைத் தானே வாயில் கவ்விக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. வழக்கத்தை அதைப்போலக் கடைப்பிடிக்கிறவர்கள் எங்கள் கோயில் பங்கில்கூட இல்லை.

சுரண்டல் கூடியது. குரைப்பும் கூடியது. தெருவில் இரண்டு வீட்டில் வெளிச்சம் வந்தது. ரஞ்சினியின் அறைக்கதவு படாரென்று சாத்துப்பட்டது.

கட்டிலில், போர்வைக்குள்ளிருந்து, ஐம்பத்தொரு வயது மனிதரின் குரல் கெஞ்சியது:

"ஜெசிந்தா... ரஞ்சினி... நான் இறைச்சியை விட்டிட்டன் எண்டு உந்த நாயிட்டை ஆராவது ஒருக்காச் சொல்லுங்கோவன்!"

நான் மீனைத் திருப்பிப் போட்டேன்.